கைரேகைக் கருவியும் காதுகுத்தும்

"குடும்பத் தலைவர்: மாரிக்கண்ணன். தொழில்: மானாவாரி விவசாயம். கைபேசி: இல்லை. மின்னஞ்சல்: இல்லை. கணினி அறிவு: இல்லை. இணையப் பயன்பாடு: இல்லை. பரிந்துரை: அடிப்படைப் பயிற்சி அளிக்கலாம்."

கட்டங்குளத்தில் வீடு வீடாக எடுத்த ஒரு கணக்கெடுப்பில் மாரிக்கண்ணனைப் பற்றி இப்படித்தான் பதிவாகியிருக்கிறது. பதிவு செய்தவர் நரிக்குடியிலிருந்து வந்த அஷ்லின் என்ற பெண். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. அவர் போனபோது மாரிக்கண்ணன் மடியில் லேப்டாப்பும் பக்கத்தில் சார்ஜ் ஏறும் போனுமாக உட்கார்ந்திருந்தான். முதல் கேள்வியைக் கேட்டதுமே இந்தத் தகவல் எதற்கு, யார் சேமிப்பார்கள், எந்த நாட்டு சர்வரில் கிடக்கும், நாளைக்கு அழிக்கச் சொன்னால் அழிப்பீர்களா என்று அவன் திருப்பிக் கேட்க ஆரம்பித்தான். அரை மணி நேரம் ஓடியது. அஷ்லின் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்று போட்டார். கட்டத்தைக் காலியாக விட்டால் அந்தச் செயலி அடுத்த வீட்டுக்குப் போக விடாது.

அடுத்த வீட்டில் கேட்டிருந்தால் அவன் போன் நம்பரைச் சொல்லியிருப்பார்கள். தண்ணீர் லாரி வந்தால் தகவல் சொல்வதற்காக அது அந்தத் தெருவுக்கே மனப்பாடம்.

மாரிக்கண்ணன் அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் படித்தவன். பிறகு இரண்டு வருடம் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் ஃபோனை எடுத்து, "பிரிண்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க சார்" என்று சொல்லும் வேலை பார்த்தான். அப்பா தவறியதும் ஊருக்குத் திரும்பி வந்து மிளகாயும் பருத்தியும் போட்டான். நிலம் வானத்தைப் பார்த்த நிலம். மழை தனக்குத் தோன்றினால் வரும். வராத மாதங்களில் மாரிக்கண்ணன் விவாதம் செய்வான்.

விவாதக் களத்துக்குக் கட்டற்ற கணினி மன்றம் என்று பெயர். இணையத்தில் முந்நூறு பேர் சேர்ந்திருந்த இடம். அதில் எழுதுகிறவர்கள் ஐந்தாறு பேர்தான். மற்றவர்கள் தெருச் சண்டையைக் கதவிடுக்கில் பார்க்கிறவர்களைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மாரிக்கண்ணனுக்குப் பெயர் "முகமிலி". படத்துக்குப் பதிலாக ஒரு சாம்பல் வட்டம். மென்பொருள் என்றால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பது அவன் கட்சி. கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்களில் லினக்ஸ் அப்படிப்பட்டது, விண்டோஸ் மாதிரி காசு கொடுத்து வாங்குவதெல்லாம் மூடிய பெட்டி. அதைவிட முக்கியமாக, ஒரு மனிதனின் கம்ப்யூட்டரில் அவன் ஒப்புதல் இல்லாமல் ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது என்பான். ஒப்புதல் என்ற சொல்லை அவன் தினமும் எழுதினான். அவன் எழுதியதையெல்லாம் அச்சடித்தால் மிளகாய் மூட்டைக்குப் பதிலாக எடைபோட்டு விற்கலாம்.

அந்தரங்கத்தை அவன் கொள்கையாகவே காப்பாற்றி வந்தான். அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில் பில் போடும் பெண் போன் நம்பர் கேட்டால் அவளுக்கு அங்கேயே ஒரு வகுப்பு நடக்கும். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்கும்போது அவன் மனைவி கனகலட்சுமி எட்டிப்பார்த்து நம்பரைச் சொல்லிவிடுவாள். லேப்டாப்பின் கேமரா மேல் அவளுடைய ஒட்டுப்பொட்டு ஒன்றை எடுத்து ஒட்டி வைத்திருந்தான். வழி காட்டும் செயலி நாம் போகுமிடத்தையெல்லாம் குறித்து வைத்துக்கொள்கிறது என்று அதைப் போனிலிருந்து எடுத்துவிட்டான். விளைவாக, கமுதிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வழி தவறி, ரோட்டில் பார்த்தவரிடமெல்லாம் வண்டியை நிறுத்தி, தான் இன்ன ஊர், இன்னார் மகன், இன்னார் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்ன முறையில் போகிறேன் என்று சொல்லி வழி கேட்டான். சொன்னால்தானே அந்த ஊரில் வழி சொல்வார்கள்.

இத்தனை கொள்கைக்கும் எதிர்க்கட்சி ஒன்று வேண்டுமல்லவா? அது கனகலட்சுமியின் தம்பி காசிராஜன். திருச்சுழியில் தாலுகா ஆபீஸுக்கு எதிரே, வீட்டின் முன் அறையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். சாதிச் சான்றிதழ், பட்டா நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, மனு எழுதித் தருவது எல்லாம் உண்டு. அவனை மன்றத்தில் சேர்த்துவிட்டதே மாரிக்கண்ணன்தான். காசிராஜன் அங்கே "காசி கம்ப்யூட்டர்ஸ், திருச்சுழி" என்ற பெயரில், கூலிங்கிளாஸ் போட்ட போட்டோவும் போன் நம்பரும் "ஞாயிறு விடுமுறை" என்ற அறிவிப்புமாக இருந்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தீபாவளி விருந்துக்கு மாரிக்கண்ணன் மாமியார் வீட்டுக்குப் போனான். கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் காசிராஜன் பாயை விரித்துப் படுத்து உறங்கிப்போனான். மாரிக்கண்ணனுக்குத் தூக்கம் வரவில்லை. முன் அறையில் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தான். அது வயிற்றுவலிக்காரனைப் போல முனகிக்கொண்டு வெகுநேரம் கழித்துத்தான் திறந்தது. சட்டைப் பையில் பேனா வைக்கும் இடத்தில் அவன் எப்போதும் லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவ் வைத்திருப்பான். காசிராஜன் டீ குடிக்க எழுந்தபோது விண்டோஸ் போய் லினக்ஸ் வந்திருந்தது. கம்ப்யூட்டர் சிட்டாகப் பறந்தது. தீபாவளிப் பரிசு என்று மாரிக்கண்ணன் சொன்னான். காசிராஜனும் அப்போதைக்குச் சந்தோஷமாகத்தான் தலையாட்டினான்.

அந்த வாரம் ஏதோ உதவித்தொகைக்காக விவசாயிகள் கைரேகை பதிய வேண்டியிருந்தது. மறுநாள் காலை கடை வாசலில் ஆள் கூடி நின்றது. கைரேகைக் கருவியைச் சொருகினால் அதன் விளக்கு எரியவில்லை. அந்தக் கருவியைச் செய்த கம்பெனி அதை விண்டோஸுக்கு மட்டுமே செய்திருந்தது. காசிராஜன் போன் போட்டான்.

"மச்சான், கைரேகை மெசினு லைட்டே எரியல."

"அது சிஸ்டத்தோட தப்பு இல்ல மாப்ள. மெசினு செஞ்சவன் அதுக்கான நிரலை மூடி வச்சிருக்கான். அவனுக்கு ஒரு மெயில் எழுது."

"வாசல்ல ஆளு நிக்கிது மச்சான்."

"அவுகளையும் எழுதச் சொல்லு. நெறையப் பேரு எழுதுனாத்தேன் கேப்பான்."

அவர்கள் எழுதவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த இன்னொரு கடைக்கு நடந்து போய்விட்டார்கள். அதில் பாதிப் பேர் பிறகு திரும்பி வரவேயில்லை. விண்டோஸை மறுபடி ஏற்றுவதற்குள் காசிராஜனின் பழைய கோப்புகள், ஊர்க்காரர்களுக்கு எடுத்து வைத்திருந்த போட்டோக்கள் எல்லாம் போனது போனதுதான் என்று தெரிந்தது. அப்போதும் அவன் மச்சான் செய்ததைச் சொல்லாமல் மரியாதையாக மன்றத்தில் ஒரு கேள்வி போட்டான்: இன்ன கருவி லினக்ஸில் ஓடவில்லை, வழி உண்டா? முகமிலி பதில் எழுதினான்: "வாங்கும் முன்பே ஒத்துப்போகுமா என்று பார்க்காத அலட்சியத்துக்கு மென்பொருள் பொறுப்பாகாது." அதற்கு ஐந்து பேர் கை தட்டியிருந்தார்கள். எழுதுகிறவர்களே ஐந்தாறு பேர்தான் என்பதை ஏற்கெனவே சொன்னேன்.

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. ஆண்கள் பேச்சை நிறுத்தினால் வீடே நிறுத்தியதாகத்தான் அங்கே கணக்கு. கனகலட்சுமி தாய் வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். தம்பி போன் அடித்தாலும் எடுப்பதில்லை. யாரும் அவளிடம் எடுக்காதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லாத சமாச்சாரம் அது.

ஆனால் மன்றத்தில் பேச்சு நிற்கவில்லை. மச்சானும் மச்சினனும் அங்கே "மதிப்பிற்குரிய முகமிலி அவர்களே", "அன்பார்ந்த காசி கம்ப்யூட்டர்ஸ் அவர்களே" என்று ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு தினமும் குடலை உருவினார்கள். கேமரா மேல் பொட்டு ஒட்டுவது பற்றி முகமிலி நீளமாக எழுதினால், பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களைப் பொட்டுக்குப் பின்னால் வைத்து எடுக்கட்டுமா என்று காசி கம்ப்யூட்டர்ஸ் கேட்டான். உங்கள் செயலிகள் உங்களை வேவு பார்க்கின்றன என்று முகமிலி எச்சரித்தால், தாலுகா ஆபீஸ் எதிரில் கடை வைத்திருப்பவனை யாரும் புதிதாக வேவு பார்க்க வேண்டியதில்லை என்று பதில் வந்தது. போன வருடம் காசிராஜன் சில நாள் எழுதாமல் இருந்தபோது மாரிக்கண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பதில் இல்லாதவர்கள் ஓடிவிட்டார்கள் போலும்" என்று ஒரு தூண்டில் போட்டுப் பார்த்தான். டைபாய்டு காய்ச்சல், படுத்திருக்கிறேன், எழுந்து வந்து கவனித்துக்கொள்கிறேன் என்று அன்றே பதில் வந்தது. நிம்மதியாகத் தூங்கினான்.

ஊருக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்தாலும் நம்பாது. ஒரு பெட்டிக்காக மச்சானும் மச்சினனும் முறித்துக்கொள்வார்களா? வரப்புத் தகராறு என்று ஊர் முடிவு செய்தது. இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவில் இரண்டு கண்மாயும் ஒரு தார் ரோடும் இருப்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரரான இருளப்பசாமி, இந்த மாதிரி விஷயங்களைத் தீர்ப்பதற்காகவே பிறந்தவர் என்று தன்னைப் பற்றி நினைப்பவர், ஒருநாள் அளவு நாடாவோடு மாரிக்கண்ணன் நிலத்துக்கே போய்விட்டார். அளந்ததில் எல்லாம் சரியாக இருந்தது. அப்படியானால் விஷயம் இன்னும் ஆழமானது என்று முடிவுகட்டித் திரும்பினார்.

இந்த நிலையில் மகள் ரோஷினிக்குக் காதுகுத்து வந்தது. மூன்றாம் வயதில் குத்த வேண்டியதைப் பேச்சு நின்றுபோனதால் தள்ளிப் போட்டார்கள். இப்போது ஐந்து. குலசாமி கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். கனகலட்சுமிக்கு ஒரே தம்பி. ஒன்றுவிட்ட தம்பி, பெரியம்மா மகன் என்று மடிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூடப் பிறந்தவன் பக்கத்து ஊரில் இருக்கும்போது இன்னொருவன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தால் அதை ஊர் அவள் சாகும்வரை சொல்லும். அவளே சொல்லிக்கொள்வாள் என்பது அதைவிட மோசம். போய் அழைத்துவிட்டு வாருங்கள் என்று புருஷனிடம் சொன்னாள்.

முறைப்படி என்றால் வெற்றிலை பாக்குத் தட்டோடு புருஷனும் பெண்டாட்டியும் நேரில் போக வேண்டும். மாரிக்கண்ணன் யோசித்தான். நேரில் போனால் தோற்றதாகிவிடும். தினமும் பார்க்கிற இடம்தான் ஒன்று இருக்கிறதே என்று, பிரிண்டர் பற்றி நடந்துகொண்டிருந்த ஒரு விவாதத்தின் நடுவில், இன்ன தேதி இன்ன கோயிலில் காதுகுத்து, குடும்பத்துடன் வரவும் என்று எழுதிவிட்டான். சற்று நேரத்தில் மன்ற நிர்வாகி வந்து, "தலைப்புக்குத் தொடர்பற்ற பதிவு நீக்கப்பட்டது" என்று அறிவித்துவிட்டுப் போனார்.

நீக்குவதற்குள் காசிராஜன் பார்த்துவிட்டான். அவன் பதில் இது: "தாய்மாமனை மன்றத்தில் அழைத்த முதல் மனிதர் முகமிலி அவர்கள். தட்டு வேண்டாம், பெரியவர்கள் வேண்டாம். கைரேகைக் கருவி விஷயத்தில் அன்றைக்கு நடந்தது என்ன என்று இதே இடத்தில் எழுதட்டும். வருகிறேன்." நிர்வாகி இதையும் நீக்கினார்.

மாரிக்கண்ணன் எழுத உட்கார்ந்தான். கட்டுரை வந்தது. கருவி செய்யும் கம்பெனிகளின் பேராசையில் தொடங்கி, ஒத்திசைவுப் பிரச்சினையின் வரலாற்றைத் தொட்டு, சிறு கடைக்காரர்கள் மூடிய மென்பொருளுக்கு அடிமையானது எப்படி என்று அலசி, கடைசிப் பத்தியில் "சம்பந்தப்பட்டவர் உறங்கிக்கொண்டிருந்த சூழலில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது, அதனால் சில அசௌகரியங்கள் ஏற்பட்டிருக்கலாம்" என்று முடிந்தது. காசிராஜன் ஒரே வரியில் பதில் எழுதினான்: "இதில் நான் தூங்கியது இருக்கிறது. நீங்கள் செய்ததைக் காணோம்."

இருளப்பசாமி மறுபடி புறப்பட்டார். திருச்சுழியில் மச்சினனிடம் கேட்டார், கட்டங்குளத்தில் மச்சானிடம் கேட்டார். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் விஷயம்தான் என்று ஒரே மாதிரி சொன்னதால், சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்தார். ஆனாலும் தீர்ப்புச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

"ஏலே மாரி, அந்தப் பெட்டிக்குள்ள எடம் கெடக்குல்ல. பாதிய ஒன்னோடதுக்கு விடு, பாதிய அவனோடதுக்கு விடு. பெறகென்னலே சண்ட?"

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பது கணினி உலகில் நெடுநாளாக இருக்கும் ஏற்பாடுதான். இருளப்பசாமிக்கு அது தெரியாது. அவர் எந்த வழக்கிலும் பாதிப் பாதிதான் சொல்வார். மாரிக்கண்ணன் அதைக் கொள்கையற்ற சமரசம் என்றான். கேள்விப்பட்ட காசிராஜனும் அன்று சாயங்காலம் மன்றத்தில் அதே சொல்லைத்தான் பயன்படுத்தினான். மூன்று வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அது.

பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்த அருப்புக்கோட்டை அச்சகத்திலிருந்து கனகலட்சுமிக்குப் போன் வந்தது. தாய்மாமன் பெயர் போட வேண்டிய இடம் காலியாக இருக்கிறது, என்ன போட? நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்தாள். அவள் முன்னால் மிளகாய் வற்றல் குவிந்து கிடந்தது. காம்பு கிள்ளிக்கொண்டே பேசினாள். மாரிக்கண்ணன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போன வருசம் அவனுக்குக் காய்ச்சலு வந்துச்சுல்ல. ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. மன்றத்துல போட்டிருந்தான்."

"எனக்குச் சந்தையில கருவாடு விக்கிற தெரசாக்கா சொல்லித்தேன் தெரியும். ஒரு வாரம் கழிச்சு. அதுக்குள்ள அவன் எந்திரிச்சு நடமாடிட்டான்."

மாரிக்கண்ணன் இப்போதுதான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லன்னு ஊரு சொல்லுது. எந்த ஊரு அது? நீங்கதேன் விடிஞ்சதும் பேசுறீக, அடையுற நேரத்துல பேசுறீக. எங்கிட்ட அம்புட்டுப் பேசினதில்ல. அவன் எந்த ஃபோனு வச்சிருக்கான்னு ஒங்களுக்குத் தெரியும். எனக்கு அவன் மெலிஞ்சிருக்கானா தடிச்சிருக்கானான்னு தெரியாது. பேசாம இருந்தது நானு. எனக்கும் அவனுக்கும் என்ன தகராறு? நான் பேசாம இருக்கணும்னு எங்கிட்ட யாராச்சும் கேட்டீகளா?"

அவள் சத்தம் போடவில்லை. கண்ணைத் துடைக்கப் புறங்கையைக் கொண்டுபோனவள், மிளகாய்க் கை என்று நினைவு வந்து பாதியில் இறக்கிக்கொண்டாள்.

மாரிக்கண்ணன் பதிலுக்குத் தேடினான். விவாதத்தில் பழகியவன், எதிராளி வாயை மூடுவதற்குள் பதில் எழுதுகிறவன். கேட்காமல் எதையும் செய்யக் கூடாது என்று அவன் இத்தனை வருடம் யார் யாருக்கோ எழுதியது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒன்றுகூட அவன் பக்கம் நிற்கவில்லை. "அது வந்து கனகு" என்று ஆரம்பித்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் லேப்டாப் பக்கம் திரும்பினான்.

லேப்டாப்பில் கட்டுரையை அழித்தான். மறுபடி எழுதினான். முதல் முறை "ஆனால்" வந்தது, எடுத்தான். இரண்டாம் முறை "இருந்தபோதிலும்" வந்தது. அதையும் எடுத்தபின் மிச்சமிருந்தது கொஞ்சம்தான். மன்றத்தில் மூன்று வருடம் பழையதாகிப்போன அந்தக் கைரேகைக் கருவிக் கேள்வியைத் தேடிப் பிடித்து, தன் பழைய பதிலுக்கு நேர் கீழே அதைப் போட்டான்:

"என் பெயர் மாரிக்கண்ணன். ஊர் கட்டங்குளம். இந்தக் கேள்வியைக் கேட்டவர் என் மச்சினன். அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது அவர் கடைக் கணினியில் இருந்ததை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டது நான். அவரைக் கேட்கவில்லை. கருவி ஓடுமா என்றும் பார்க்கவில்லை. அலட்சியம் என்னுடையது."

தலைப்புக்குத் தொடர்புடைய பதிவு என்பதால் நிர்வாகி அதை நீக்கவில்லை. யாரும் கை தட்டவுமில்லை. இத்தனை நாளாக மூடிய மென்பொருளை எதிர்த்துப் போராடிய முகமிலியின் முகம் இதுதானா என்று ஒருவர் மட்டும் வருத்தப்பட்டு மன்றத்தைவிட்டு விலகினார்.

மறுநாள் காலை மாரிக்கண்ணனும் கனகலட்சுமியும் தட்டோடு திருச்சுழிக்குப் பஸ் ஏறினார்கள். காசிராஜன் கடையில் சான்றிதழுக்கு வந்த ஆட்கள் நின்றார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தான். "வாக்கா" என்றான். மச்சான் பக்கம் திரும்ப அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தம்பி மெலிந்துதான் போயிருந்தான். கனகலட்சுமி அதைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை. அவள் பேசி முடித்து டீ வரும்வரை ஆண்கள் இருவரும் வாய் திறக்க வழியில்லை. அச்சகத்துக்கு அங்கிருந்தே போன் போட்டுப் பெயரைச் சொன்னாள்.

காதுகுத்தில் ரோஷினி தாய்மாமன் மடியில் உட்கார்ந்து கோயிலே அதிரும்படி அழுதாள். அவள் அழுகை ஓய்வதற்குள், போட்டோக்காரர் எடுத்த படங்களை எந்த இணையதளத்தில் ஏற்றிப் பகிர்வது என்று மச்சானும் மச்சினனும் வாய்ச்சண்டை ஆரம்பித்துவிட்டார்கள். நேருக்கு நேர் என்பதால் "மதிப்பிற்குரிய" எல்லாம் இல்லை. பந்தியில் இருளப்பசாமி, வரப்புப் பிரச்சினை தன்னால்தான் தீர்ந்தது என்று பக்கத்து இலைக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

மாரிக்கண்ணன் செய்தது இதுதான்: மச்சினனின் கம்ப்யூட்டரை அவனைக் கேட்காமல் அழித்தான், மூன்று வருடம் அதை மறைத்து விவாதம் செய்தான், பிறகு பெயரும் ஊரும் போட்டு ஒப்புக்கொண்டான்.